கொய்யாக் கட்டி ஊரில் ஐந்து கிலோமீட்டர்

அன்பும் மரியாதையும் மிக்க ரோசால்பா அக்காவுக்கு,

தம்பி பெலிசாரியோ பணிவுடன் எழுதுவது. இங்கே வீட்டில் நால்வரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மூவர் படுத்த படுக்கையாக இருப்பதால் அந்த வரியை இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கொறிப்பதற்கு நீங்கள் அனுப்பிய வறுத்த எறும்புப் பொட்டலம் கிடைத்தது. பாதிதான் கிடைத்தது. மீதி எறும்புகள் வழியில் இறங்கி நடந்து வருகின்றன போலும்.

நம் எர்னானின் மகள் யுரானி ஊர்த் திருவிழா ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் பிப்ரவரியில் நீங்கள் போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள்: "சர்க்கரை வியாதி இருக்கிற புள்ளைய ஓட விடறீங்களே, உங்கள்ல ஒருத்தருக்காவது புத்தி இருக்கா?" அக்டோபரில் புக்காரமாங்காவில் நடக்கும் சிறுவர் ஓட்டத்துக்கு அவள் வந்தால் உங்கள் வீட்டில் தங்க இடம் கிடையாது என்றும் சொன்னீர்கள். உங்கள் வீட்டை விட்டால் அந்த நகரத்தில் நமக்கு வேறு வீடு இல்லை. அந்த ஓட்டத்தைத் தவிர அவளுக்கு வேறு கனவும் இல்லை. நான் முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். வெறும் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் போடமாட்டேன். ஆகவே செய்முறையோடு எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் டாக்டர் சொன்னது. "இவ உடம்புல இன்சுலினே சுரக்காது, ஊசி போட்டே ஆகணும். தாராளமா ஓடட்டும். ஆனா ஓடினா சர்க்கரை சட்டுனு இறங்கும். விரலைக் குத்திப் பார்க்கட்டும், இறங்கியிருந்தா கொஞ்சம் இனிப்பு சாப்பிட்டுட்டு, பதினஞ்சு நிமிஷம் உட்கார்ந்து மறுபடி பார்க்கட்டும்." இதில் பதினோரு வயதுப் பெண் முழுவதையும் கேட்டாள். அவளோடு போன மூன்று பெரியவர்களும் 'சர்க்கரை' என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். கொய்யாப் பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சிக் கட்டியாக்கும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவள் அம்மா நூபியா, வீட்டில் இருந்த கொய்யாக் கட்டி, வெல்லம், ஜாம் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்று மாலை கல்லறை மேட்டுக்கு ஓடிப்போய்த் திரும்பிய பிள்ளை கை நடுங்க வாசலில் உட்கார்ந்து, "பெரியப்பா, இனிப்பு" என்கிறாள். அக்கா, தெருவுக்குத் தெரு கொய்யா கொதிக்கிற ஊர் இது, மழைத் தண்ணீரே இங்கே லேசாகத் தித்திக்கும், அப்படிப்பட்ட ஊரில் நான் வீடு வீடாக ஓடி, "ஒரு துண்டு இனிப்பு இருக்குமா?" என்று கேட்டேன். கடலுக்குள் இடுப்பளவு நின்றுகொண்டு உப்பு கேட்டவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். எதிர்வீட்டம்மா ஒரு கட்டியைக் கொடுத்துவிட்டு, "வாத்தியாரே, உங்க வீட்லதானே செய்யறாங்க?" என்று வேறு கேட்டாள்.

அன்றிலிருந்து அவள் இடுப்பில் ஒரு சின்னப் பை. அதில் குத்திப் பார்க்கும் கருவியும் இலையில் சுற்றிய நான்கு கொய்யாக் கட்டிகளும். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஊர்த் திருவிழாவின் குடும்ப ஓட்டம் உங்களுக்குத் தெரியும். ஒரே வீட்டிலிருந்து நால்வர் ஓட வேண்டும், நாலாவது ஆள் முடிவுக் கோட்டைத் தாண்டும்போதுதான் நேரத்தைக் குறிப்பார்கள். எனவே லாரி ஓட்டியே தொந்தி வளர்த்த நம் தம்பி எர்னானும், நூபியாவும், இரண்டு முட்டியும் தனித்தனி அபிப்பிராயம் கொண்ட நானும் மூன்று மாதம் பயிற்சி எடுத்தோம். பயிற்சி என்றால், அவள் ஓடுவாள், மேட்டு முனையில் நின்று காத்திருப்பாள், நாங்கள் வந்து சேர்ந்ததும், "அப்பா, மூச்சு இருக்கா?" என்பாள். "இருக்கு, கொஞ்சம் பின்னாடி வருது" என்பான் எர்னான்.

ஓட்டத்துக்கு முந்தின ஞாயிறு, நல்லெண்ணத்தின் உச்சியில், பாதிரியார் பூசை முடிவில் அறிவித்தார்: "நம்ம யுரானி ஓடுறா. வழியில மயக்கம் வந்தா அவளுக்கு இனிப்புதான் மருந்து." அவ்வளவுதான். இந்த ஊரிடம் இனிப்பு கொடு என்று சொல்லலாமா? ஓட்டத்தன்று, சாமி ஊர்வலத்துக்கு நிற்பதுபோல வாசல்தோறும் தட்டோடும் ஜாடியோடும் நிற்கிறார்கள்! ஒரு வீட்டில் கொய்யாக் கட்டி, அடுத்த வீட்டில் வெல்லத் தண்ணி, அதற்கடுத்ததில் கட்டிக்கு நடுவே சீஸ் வைத்து. பிள்ளை ஓடிக்கொண்டே, "வேண்டாம் அத்தை, இப்ப சரியா இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போகிறாள். "ஏன், எங்க வீட்டுது மட்டும் தொண்டையில இறங்காதா?" என்று பின்னாலிருந்து குரல். எர்னானுக்கு மானம் போய்விட்டது. லாரியில் ஊர் ஊராய்ப் போகிறவன், யார் எதை நீட்டினாலும் மறுக்கக் கூடாது என்பது அவன் கொள்கை. மகளுக்காக அவன் வாங்கித் தின்றான். நூபியா, தன் தொழிற்சாலை மேஸ்திரியம்மா நீட்டியதை எப்படி வேண்டாம் என்பாள்? தின்றாள். என்னிடம் படித்தவர்கள் மட்டும் பதினோரு வாசலில் நின்றார்கள் அக்கா, நானும் தின்றேன். வெல்லத் தண்ணி வயிற்றுக்குள் தனியாக ஒரு ஓட்டம் ஓடியது.

இரண்டரை கிலோமீட்டரில், ஒருவருடைய வாசலும் இல்லாத பாலத்துக்குப் பக்கத்தில், யுரானி தானாக நின்றாள். கல்லில் உட்கார்ந்து விரலைக் குத்தினாள். அறுபத்தாறு. உதடு வெளுத்திருந்தது. பையிலிருந்து ஒரு கட்டி எடுத்துத் தின்றுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு சாப்பிடுடி கண்ணு!" என்று நூபியா அழுகிறாள்.

"ஒண்ணு போதும்மா. பதினஞ்சு நிமிஷம்."

"அப்பா தூக்கிக்கிட்டுப் போறேன் வா."

"நீங்க உங்களையே தூக்க முடியலையேப்பா."

குடும்பம் குடும்பமாக எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்த ஒருத்திகூடப் போனாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் "பொறு, பொறு" என்று முப்பத்து நான்கு வருடம் சொன்னவன் நான். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒன்பது முறை, "இப்ப பாத்துடலாமா?" என்று கேட்டேன். பயம் அக்கா. வேறென்ன. அவள் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவள் விரல் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுபடி குத்தினாள், நூற்றுப் பதினான்கு. எழுந்தாள், ஓடினாள். நாங்கள்தான் எழவில்லை. எர்னான் பாலத்துக்கு அந்தப் பக்கம் குனிந்து ஊராரின் அன்பையெல்லாம் ஆற்றுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நூபியாவுக்கு விலாவில் பிடிப்பு. என் முட்டிகள் இரண்டும் முதல்முறையாக ஒரே அபிப்பிராயத்துக்கு வந்திருந்தன. பிள்ளை தனியாகப் போய்க் கோட்டைத் தொட்டுவிட்டு, எங்களைத் தேடித் திரும்பி ஓடிவந்து, மறுபடி எங்களை இழுத்துக்கொண்டு போனாள். கணக்கு வாத்தியார் சொல்கிறேன், அன்று பத்து கிலோமீட்டர் ஓடியவள் அவள் ஒருத்திதான். நாங்கள் கடைசி. பந்தல் பிரிக்கிறவர்கள் கைதட்டினார்கள்.

ஆகவே, நீங்கள் சொன்னதே சரி. உடம்பு சரியில்லாதவர்களை ஓட விடுவது பெரிய ஆபத்து. குடும்பமாகக் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டோம், இந்த வீட்டு நோயாளிகள் இனி ஓடமாட்டார்கள். உங்கள் வாக்குக்கு மறுவாக்கு இல்லை.

மாதா உங்கள் முதுகையும் அது ஏற வேண்டிய மாடிப்படியையும் காக்கட்டும். அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், பூனைக்கும்.

என்றும் கீழ்ப்படிந்த தம்பி,
பெலிசாரியோ

பின்குறிப்பு: மேலே நோயாளிகள் என்று எழுதியது எர்னான், நூபியா, நான் ஆகிய மூவரை. யுரானி அக்டோபர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைக் காலை பஸ்ஸில் ஏறுவாள். துணைக்கு நாங்கள் வரவா என்று கேட்டோம். "உங்களைப் பார்த்துக்கிட்டு என்னால ஓட முடியாது" என்று சொல்லிவிட்டாள். இடமில்லை என்றால் அவளிடமே நேரில் சொல்லுங்கள், எனக்குத் தைரியம் இல்லை. இருக்கிறது என்றால் உங்களுக்கு ஒரே ஒரு வேலை: அவள் முகம் வாடியிருந்தால் அலமாரியைத் திறக்காமல், "எவ்வளவு இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவள் குத்திப் பார்த்துப் பதில் சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.