ஓடாத மோட்டாருக்கு எண்பத்திரண்டு

நான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பில் தேறியவள். அந்த நான்கு வருடத்தில் ஒரு மோட்டாரைக்கூட என் கையால் ஓடவிட்டதில்லை. இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும்தான் அப்பா எங்கள் ஊர் வரிச்சிக்குடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

எங்கள் கல்லூரி லேபில் ஒரு த்ரீ ஃபேஸ் மோட்டார் இருந்தது. அதைத் தொடக்கூடாது என்பது முதல் விதி. ரெக்கார்டு நோட்டில் எழுதவேண்டிய ரீடிங் சீனியரிடமிருந்து வரும். அவருக்கு அவருடைய சீனியரிடமிருந்து வந்திருக்கும். (நகை, வயலுக்கு அடுத்தபடி எங்கள் பக்கம் அவ்வளவு பத்திரமாகக் கைமாறியது அதுதான்.) எந்த வருடமும் எஃபிஷியன்சி எண்பத்திரண்டு சதவீதம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

கடைசி வருடம், காரைக்காலுக்குப் பக்கத்தில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு. எடுப்பது ஒரே ஒருவரை. கிடைத்தால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். சென்னைக்கெல்லாம் அனுப்பமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். (கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம். ஜாதகம் ஏற்கெனவே ஜெராக்ஸ் எடுத்தாயிற்று.)

கடைசிச் சுற்றில் நானும், என் வகுப்புத் தோழி பட்டினச்சேரி செல்வியும். அவளுக்கு மூன்று அரியர். படகு இன்ஜினோடு வளர்ந்தவள். மேலாளர் ஆளுக்கொரு மோட்டாரைக் காட்டி, "அரை மணி நேரம். லோட் டெஸ்ட் பண்ணி ரீடிங் குடுங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்லூரி வழக்கப்படி முதலில் அட்டவணையை நிரப்பினேன். ஸ்விட்ச் போட யாராவது வருவார்கள் என்று பார்த்தேன், வரவில்லை. நேரம் மிச்சமிருந்ததால் பென்சிலைச் சீவிக்கொண்டு கிராஃபும் வரைந்தேன். செல்வி ஸ்விட்சைப் போட்டாள், குனிந்து முகர்ந்தாள், தாளில் ஏதோ கொஞ்சம் கிறுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பாவம் என்று நினைத்தேன்.

மேலாளர் என் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டு மோட்டாருமே காயில் கம்பி கருகிப்போனது. இதுல எப்படி எண்பத்திரண்டு வந்துச்சு?"

"எங்க காலேஜ்ல எல்லாருக்கும் அதான் சார் வரும்."

அவர் சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. செல்வியின் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 'மோட்டார் ஓடவில்லை. கருகிய வாடை வருகிறது.' வேலை அவளுக்கு.

வெட்கத்தில் பஸ்ஸிலேயே அழுதேன். வீட்டில் சொன்னதும் அப்பா, "நம்ம வயல் மோட்டாரு ஓடியே அவ்வளவு தராதும்மா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா ஜாதகத்தைக் கையில் எடுத்தாள். (கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து வேறொரு ஆலையில், மோட்டார் சோதிக்கும் பிரிவிலேயே சேர்ந்தேன். அங்கே ஸ்விட்சை நான்தான் போடுகிறேன்.)

அன்றிலிருந்து நான் எது சொன்னாலும் வீட்டில் ஒரே கேள்விதான். "பால் பொங்கிடுச்சு" என்றால்கூட, "பாத்துச் சொல்றியா, ரீடிங் சொல்றியா?"

போன மாதம் என் பழைய கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள், கம்பெனிகள் எதிர்பார்க்கும் திறமைகளைப் பற்றிப் பேச. பேசினேன். பிறகு லேபைச் சுற்றிக் காட்டினார்கள். ஒரு மாணவி தன் ரெக்கார்டு நோட்டை நீட்டினாள். சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, அங்க இன்னும் எண்பத்திரண்டுதான்."

"பாத்துச் சொல்றியா, ரீடிங் சொல்றியா?"

"பாத்துத்தாம்ப்பா சொல்றேன். மோட்டாரு புதுசு. பிளாஸ்டிக் உறையக்கூட இன்னும் பிரிக்கல."