வாங்கும் குழாய், கொடுக்கும் குழாய்

எங்கள் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை என்பதை நீர் வழங்கல் அலுவலகம் நெடிய ஆலோசனைக்குப் பின் கண்டறிந்து, ராட்சத பம்பு ஒன்றை வாங்கியது. அதற்குக் குழாய் அளவு போடும் பொறுப்பு அங்கே இளநிலைப் பொறியாளராக இருந்த என் மைத்துனனிடம் வந்தது. அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி, கீழ்த் தெருவிலிருந்து வாளி சுமந்தே தோள் இறங்கிப்போனவள். "எங்க தெருவுல தண்ணி ஏறுற வரைக்கும் நீ இந்த வீட்டுப் படி ஏறாத" என்று தம்பியிடம் சொல்லிவிட்டாள்.

அவன் முறைப்படிதான் வரைந்தான். கிணற்றிலிருந்து பம்பு உறிஞ்சும் குழாய் அகலம். ஊருக்குத் தள்ளும் குழாய் அதைவிடக் குறுகல். தலைமைப் பொறியாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா இது, வாங்குறது பெருசு, குடுக்கிறது சிறுசா?"

"ஆமா சார். உறிஞ்சுற பக்கம் தாராளமா இருந்தாத்தான் பம்புக்குத் தண்ணி தட்டில்லாம கிடைக்கும்."

"அது பம்புக்குத் தெரியும். ஜனங்களுக்குத் தெரியுமா? நம்ம ஆபீஸையே படம் பிடிச்ச மாதிரி இருக்கு."

சுற்றியிருந்த அதிகாரிகள் தலை குனிந்தனர். படம் அவ்வளவு தத்ரூபமாக இருந்தது.

ஆகவே, பொதுநலன் கருதி, வாங்கும் குழாய் மெலிந்தும் கொடுக்கும் குழாய் பருத்தும் அமைய வேண்டும் என்று ஆணை பிறந்தது. பருத்த குழாய்க்குப் பச்சை வண்ணமும் அடித்தார்கள்.

பம்பு ஓடத் தொடங்கியதும், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவது போல ஊரே அதிர்ந்தது.

"சார், தண்ணி பத்தாமத்தான் இந்தக் கூத்து. குறைகுடம் கூத்தாடும்னு சொல்லுவாங்களே, அதேதான். உள்ள இருக்கிற சக்கரம் அரிச்சுப்போயிடும்" என்றான் மைத்துனன்.

"உழைக்குதுய்யா. இந்த ஆபீஸ்ல வேற எதுகிட்டயாவது இப்படி ஒரு சத்தம் உண்டா?"

அதை யாராலும் மறுக்க முடியவில்லை. மேட்டுத் தெருக் குழாய்களில் காற்று மட்டும் வந்தது. ஆனாலும் எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சொன்னபடியே சக்கரம் சல்லடையாகி பம்பு நின்றது. பழுது பார்க்கிற சாக்கில் மைத்துனன் யாரையும் கேட்காமல் தான் வரைந்த அளவிலேயே குழாய்களை மாற்றிவிட்டான். பம்பு சத்தமில்லாமல் ஓடியது. தண்ணீர் எங்கள் மொட்டை மாடி வரை ஏறியது, அவனும் எங்கள் வீட்டுப் படி ஏறினான். அக்கா விருந்து வைத்தாள். எனக்கே அவன் மேல் மரியாதை வந்தது. மைத்துனன் மேல் அது வருவது அபூர்வம்.

அடுத்த வாரம் தெருவே என் வாசலில் கூடியது. எதிர்வீட்டுத் தையல்காரர்தான் பேசினார்.

"பம்பு சத்தமே கேக்கலையே?"

"தண்ணி வருதே" என்றேன்.

"வருது, இல்லேங்கல. ஆனா வேலையே செய்யாத பம்பு எத்தனை நாளைக்குத் தண்ணி குடுக்கும்?"

யோசித்தபோது எனக்கும் நியாயமாகவே பட்டது. பம்பை மறுபடி வேலை செய்ய வைக்கக் கோரிய மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. நிரம்பி வழிந்த வாளியைக் குழாயடியில் விட்டுவிட்டு வந்து அடுத்த கையெழுத்தைப் போட்டவள் என் மனைவி.

அலுவலகம் வரலாறு காணாத வேகத்தில் நடவடிக்கை எடுத்தது. மெலிந்த குழாய் திரும்பி வந்தது. மைத்துனனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போது சத்தம் நன்றாகக் கேட்கிறது. இன்று காலை மனைவி கீழ்த் தெருவிலிருந்து இரண்டு வாளியோடு ஏறி வந்து, இறக்கி வைத்து, கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள்.

"பாவம், என்ன பாடு படுது பாருங்க. தண்ணி வரலேன்னு இதைக் குறை சொல்ல மனசு வருமா?" என்றாள்.