மண்கும்பானின் ஐம்பது மீற்றர்ப் பனை

படித்து முடித்த புதிதில் மனிதருக்கு ஒரு வியாதி வரும். தனக்கும் செயற்கைக்கோளுக்கும் கருத்து வேறுபாடு வந்தால், பிழை செயற்கைக்கோளில்தான் என்று நம்புகிற வியாதி. எனக்கு அது 2003இல் வந்தது.

சமாதான காலம், சண்டை நின்றிருந்த நேரம். நான் புவியியல் பட்டதாரி, ஒரு பேராசிரியரின் ஆய்வில் தற்காலிக உதவியாளர். வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்த வேலணைத் தீவின் படம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் பனைகளின் நிழல்கள் மெல்லிய கோடுகளாக விழுந்திருந்தன. படம் எடுத்த நேரம் சூரியன் எவ்வளவு சரிவில் நின்றது என்று தெரிந்தால், நிழலின் நீளத்தைக் கொண்டு மரத்தின் உயரத்தைக் கணிக்கலாம். உயரமும் சுற்றளவும் கிடைத்தால் அந்த மரத்தின் உயிர்த்திணிவை, அதாவது ஈரம் போக அதில் எத்தனை கிலோ பொருள் இருக்கிறது என்பதை, மரத்தை வெட்டாமலே சொல்லிவிடலாம். கணிப்புச் சரியோ என்று நேரில் போய்ச் சில மரங்களை அளந்து பார்க்கிற வேலை என்னுடையது.

அதற்கு எனக்கு ஒரு சாய்வுமானி தந்திருந்தார்கள். உள்ளங்கை அளவு உலோகக் கருவி. மரத்திலிருந்து இருபது மீற்றர் தள்ளி நின்று, கண்ணில் வைத்து மரத்தின் நுனியைப் பார்த்தால் உள்ளே கோணம் தெரியும். மிச்சம் பள்ளிக்கூடக் கணக்கு. (நான் கணக்கில் கெட்டிக்காரி. அதுதான் பிரச்சினையே.)

தீவின் மண்கும்பான் ஊரில் முதல் நாள் அளந்த பனை ஐம்பது மீற்றர் வந்தது. படமோ அதே பனை பதினைந்து மீற்றர் என்றது. அடுத்த மரமும் அப்படியே. நான் சொன்ன உயரத்துக்கு உயிர்த்திணிவைக் கணக்குப் பார்த்தால், வேலணைத் தீவு பாரம் தாங்காமல் எப்போதோ கடலுக்குள் போயிருக்க வேண்டும். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பேராசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சேர், சற்றலைற் படம் முழுக்கப் பிழை."

"அப்படியே? எதுக்கும் இன்னும் கொஞ்ச மரம் அளந்துபோட்டுத் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வாரும். வெளிநாட்டு ஆக்களும் வருகினம்" என்றார்.

சனிக்கிழமை அத்தானோடு திரும்பப் போனேன். அக்காவின் கணவர் அவர், ஊர்காவற்றுறையில் கடற்றொழில். எதற்கும் பயப்படாத மனிதர் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, நான் ஒரு உயர்ந்த பனையை நோக்கிச் சாய்வுமானியைக் கண்ணில் வைத்தேன். பனையின் ஓலை வட்டுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. உற்றுப் பார்த்தேன். கடற்படையின் காவல் கோபுரம். மேலே நின்ற ஆள் தொலைநோக்கியால் என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் கனநேரம் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். முதலில் கண்ணை எடுத்தது அவர். துவக்கை எடுப்பதற்காக.

மூன்று சிப்பாய்கள் ஓடி வந்தார்கள். எனக்குச் சிங்களம் தெரியாது. அத்தான் முன்னுக்கு வந்தார்.

"பயப்பிடாதையும் பிள்ளை. எனக்குக் கொஞ்சம் பாஷை தெரியும், நான் கதைக்கிறன்" என்று சொல்லிவிட்டு, என்னைக் காட்டி, "மே நங்கி மரனவா, சேர்!" என்றார்.

சிப்பாய்களின் முகம் மாறியது. அத்தான் அவர்களுக்கு விளங்கவில்லையோ என்று நினைத்து, இன்னும் சத்தமாக, கையால் ஊரையே சுற்றிக் காட்டி, "ஒக்கோம மரனவா!" என்றார். அடுத்த நிமிடம் இரண்டு பேரும் முகாமுக்குள் நின்றோம்.

அதிகாரி என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். ஓரளவு தமிழ் பேசினார். சாய்வுமானியை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"உயரம் அளக்கிறது, சேர்."

"எங்கட காவல் ரவரை ஏன் அளந்தது?"

"இல்லை, சேர். பனையை."

"பனை உயரம் என்னத்துக்கு?"

"செயற்கைக்கோள் படத்தோடை ஒத்துப் பார்க்க" என்றேன். (செயற்கைக்கோள் என்ற சொல்லை ஒரு முகாமுக்குள் நின்று சொல்லக்கூடாது என்கிற புத்தி, சொல்லி முடித்த பிறகு வந்தது.) அத்தான் கழுத்தில் கிடந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டார். நான் அம்மாவை நினைத்தேன். அக்காவின் பிள்ளைகளை நினைத்தேன். இந்த மனிதருக்கு ஏதும் நடந்தால் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

அதிகாரி முற்றத்துக் கொடிக்கம்பத்தைக் காட்டினார். "உண்மை எண்டால் அதை அளந்து சொல்லு."

இருபது மீற்றர் தள்ளி நின்று அளந்தேன். சிப்பாய்கள் சுற்றி நின்றார்கள். திருப்பித் திருப்பிக் கணக்குப் பார்த்துவிட்டு, "ஐம்பத்தாறு அடி, சேர்" என்றேன்.

அதிகாரி சிங்களத்தில் ஏதோ சொல்ல, முகாமே சிரித்தது. ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

"முப்பது அடி. நான்தான் நட்டது" என்றார் அதிகாரி.

நான் விடாமல் சாய்வுமானியைத் திரும்பக் கண்ணில் வைத்தேன். அப்போதுதான் கண்டேன். உள்ளே இரண்டு வரிசை எண்கள். இடது பக்கம் பாகை, வலது பக்கம் சதவீதம். நான் இவ்வளவு நாளும் சதவீதத்தைப் பாகை என்று வாசித்திருக்கிறேன். இடது பக்கத்தைப் பார்த்துத் திரும்பக் கணக்குப் போட்டேன். "இருபத்தொன்பதரை, சேர்" என்றேன், அழாத குறையாக.

"நல்லது" என்றார் அவர். "வேவு பார்க்க அனுப்புறவை இப்பிடி ஒரு ஆளை அனுப்பமாட்டினம். நீ போகலாம்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த நற்சான்று அதுதான். தேத்தண்ணியும் தந்தார்கள். அதைக் குடிக்கும்போது அதிகாரி அத்தானிடம் திரும்பி, "மனினவா எண்டால் அளக்கிறது. மரனவா எண்டால் கொல்லுறது. நீ சொன்னது, இந்தத் தங்கச்சி எல்லாரையும் கொல்லுறாள் எண்டு" என்றார். அத்தானுக்குப் புரைக்கேறிவிட்டது.

அத்தானின் மோட்டார் சைக்கிளில் திரும்பினோம். தீவிலிருந்து கடலைக் கடக்கிற பண்ணைப் பாலத்தில் அத்தான் நிறுத்தினார். இறங்கி, கடலைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நானும். கண்ணீர் வரும் வரை சிரித்தோம். காற்று அவ்வளவு இதமாக இருந்ததாக எனக்கு வேறு எந்த நாளும் நினைவில்லை.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு முன்பே பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லா மரத்துக்கும் கணக்கைத் திருத்தினோம். படம் சொன்ன உயரத்தோடு அநேகமாக ஒத்து வந்தது. "நேவி உம்மைப் பிடிக்காட்டி, இண்டைக்கு வெளிநாட்டு ஆக்களுக்கு முன்னாலை என்ரை மானம் போயிருக்கும்" என்றார் அவர். வேலையும் தப்பியது.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கலியாணம் பேசினார்கள். தரகர் வந்து, மாப்பிள்ளை ஐந்தடி பத்து என்றார். பந்தலில் பார்த்தால் ஆள் என் தோளுக்குக் கொஞ்சம் மேலே. தாலி கட்டி முடித்து எல்லோரும் படத்துக்கு நிற்கையில், அக்கா என் காதுக்குள் கேட்டாள்:

"உண்மையைச் சொல்லடி, இவரை நீதானே அளந்தனி?"