இரண்டு கிலோமீட்டர் பாக்கி

டேரிலின் மனு மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. குறை ஒன்றுதான்: இரண்டு கிலோமீட்டர்.

வட்டாரத்து அரசுப் பள்ளிக்கூடத்திலிருந்து ஐம்பத்தாறு கிலோமீட்டருக்கு அப்பால் வசிக்கும் பிள்ளைகளுக்குத்தான் வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்க அரசாங்கம் பணம் தரும். டேரிலின் ஆட்டுப் பண்ணை வீடு ஐம்பத்து நான்கில் நின்றது. வீட்டை அங்கே கட்டிய தாத்தாவை, செத்தவர் என்றும் பாராமல், ஒரு மூச்சு திட்டித் தீர்த்தான்.

மகள் பிரைடிக்குக் கடற்கரை நகரத்து விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. மழை பொய்த்து, மந்தையில் பாதியை விற்றாகிவிட்டது. அரசாங்கப் பணம் வராவிட்டால் அவள் தினமும் அந்த அரசுப் பள்ளிக்கே புழுதிச் சாலையில் போய்வந்து வகுப்பில் தூங்கி வழிய வேண்டியதுதான். டேரில் அப்படித் தூங்கித்தான் ஏழாம் வகுப்போடு நின்றவன். மகளுக்கும் அதே கதி வர அவன் விடுவதாக இல்லை.

சாலை படுமோசம் என்று நிரூபித்தாலும் பணம் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். உடனே வட்டார மன்றத்துக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினான். பல வருடமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மன்றம், மறு வாரமே இயந்திரங்களை அனுப்பிச் சாலையைச் செப்பனிட்டு, பெரிய வளைவு ஒன்றை நேராக்கியும் கொடுத்தது. அதில் இன்னொரு கிலோமீட்டர் போய்விட்டது.

"இப்போ மூணு குறையுது," என்றாள் மனைவி நோரீன். "பேசாம வீட்டைத் தூக்கித் தள்ளி வச்சுடு."

அவள் கிண்டலுக்குச் சொன்னாள். டேரிலுக்கு அது வேதவாக்காகப் பட்டது. அந்தப் பக்கத்து மரக் கட்டடங்கள் எல்லாம் கட்டைக் கால்களின் மேல் நிற்பவை. லாரியில் ஏற்றி ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது வழக்கம்தான். வீடு தூக்கும் கெவ் ஜாக்கிகளோடு வந்து சேர்ந்தான். வேலையில் கெட்டி, பேச்சில் கஞ்சன்.

பள்ளியிலிருந்து இன்னும் நான்கு கிலோமீட்டர் விலகி, வீடு பண்ணையின் மேற்கு எல்லைக்குப் புறப்பட்டது. வழியில் தாழ்வாரம் கழன்று ஒரு மரத்தோடு தங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டது. கழிப்பறை தனிக் கட்டடம். அதையும் தூக்க டேரிலிடம் காசில்லை. அது பழைய இடத்திலேயே காவல் காத்தது.

"இவன் உன்னை எங்கயும் வெளியே கூட்டிட்டுப் போகமாட்டான்னு எங்கம்மா சொன்னா," என்றாள் நோரீன், விடியற்காலையில் காரில் ஏறிக்கொண்டே. "தினமும் போயிட்டுதானே இருக்கேன்."

ஆய்வுக்கு வந்த அதிகாரி லினெட், அரசுப் பள்ளிக்கூட வாசலிலிருந்து தன் காரிலேயே தூரத்தை அளந்துகொண்டு வந்தாள். ஐம்பத்தேழு. தாழ்வாரம் இல்லாத வாசலை ஒரு நிமிடம் பார்த்தாள். அவசரமாகக் கழிப்பறை எங்கே என்று கேட்டு, பதிலைக் கேட்டு இன்னொரு நிமிடம் பார்த்தாள்.

"இது நிரந்தர வீடுதானே?"

"திருப்பித் தூக்கக் காசில்லைம்மா," என்றாள் நோரீன். "இதைவிட நிரந்தரம் என்ன இருக்கு?"

இந்த வாரமே ஆணை வந்துவிடும் என்றாள் லினெட். பிரைடி அப்பாவைக் கட்டிக்கொண்டாள். டேரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். இத்தனை வருடத்தில் அவன் முழுதாகச் சந்தோஷப்பட்ட நாள் அதுதான். முற்றத்தில் அடுப்பை மூட்டி, ஆட்டிறைச்சியைச் சுட்டு, அதிகாரியையும் சாப்பிட உட்காரவைத்தான். மிச்சமிருந்த ஜாக்கிகளை எடுத்துப்போக வந்த கெவ்வும் ஒரு தட்டோடு உட்கார்ந்தான்.

மூன்றாவது துண்டை முடித்துவிட்டு, கெவ் அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"நல்ல இடமாத்தான் பார்த்திருக்கே மச்சான். புதுச் சுரங்கத்துக்காரங்க பிள்ளைங்க எல்லாம் இந்தப் பக்கம்தானாம். அடுத்த வாரம் அந்த அரசுப் பள்ளிக்கூடத்தைத் தூக்கிட்டு வந்து உன் வேலிக்கு அந்தாண்ட இறக்க என்கிட்ட சொல்லியிருக்காங்க. பிரைடி நடந்தே போயிடலாம்."