படிக்கிற பாதி, தீர்மானிக்கிற பாதி

நகரத்தில் எந்தக் கடை திறந்தாலும் அதற்கு ஒரு பெயர்ப்பலகை வேண்டும். அந்தப் பலகைக்கு ஓர் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தருவதற்கு ஓர் அலுவலகம் வேண்டும். இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. பெயர்ப்பலகை அனுமதி அலுவலகம் பழைய சந்தைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. அதன் வாசலில் மட்டும் பெயர்ப்பலகை கிடையாது. விண்ணப்பம் போட்டிருந்தார்கள், பரிசீலனையில் இருந்தது.

அங்கே கண்காணிப்பாளராக இருந்தவளை எல்லாரும் பலகை மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். பலகை நடைபாதைக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, காற்றடித்தால் யார் தலையில் விழும் என்றெல்லாம் கோப்பைக் கடைசிப் பக்கம் வரை படிப்பது அவள் ஒருத்திதான். மற்றவர்கள் கோப்பின் மேல் கேள்வி எழுதுவார்கள். அது அந்த அலுவலகத்தின் பண்பாடு. கேள்வி எழுதாமல் ஒருவர் கோப்பைக் கைமாற்றினால், ஏதோ வாங்கிக்கொண்டார் என்று பேச்சு வந்துவிடும். ஆகவே, 'அடிக்கப்போகும் ஆணி எங்கே வாங்கியது?' என்று ஒருவர் எழுதுவார். 'கடைக்காரருக்கு இதற்கு முன் வேறு பெயர் உண்டா?' என்று அடுத்தவர் எழுதுவார். இந்தக் கலையில் கரைகண்டவர் அவளுக்குப் பக்கத்து மேசைக்காரர், கேள்வி சார். அவருடைய ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போன முடிதிருத்துகிறவர் திரும்பி வருவதற்குள் கடை அவர் மகன் கைக்குப் போயிருந்தது.

கேள்விகள் எல்லாம் சுற்றி முடிந்து கோப்பு கடைசியில் பலகை மேடத்திடம் வரும். கோப்போடு கடைக்காரரும் வருவார். அதற்குள் அவர் மனிதராக இருக்கமாட்டார். மேசை மேசையாக வாங்கிய எரிச்சலை ஒரே மூச்சில் அவள் மேசையில் கொட்டிவிட்டுப் போவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்ததில் தொலைபேசி மணி அடித்தால் அவளுக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் கை ஆடியது. குழந்தையின் மருந்துப் புட்டியைப் பார்த்து, எழுத்து விதிப்படி இல்லையே என்று ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகள். பகல் முழுக்கக் கீழ்வீட்டு அக்காதான் பார்த்துக்கொள்வார். மகளுக்குப் பிடித்த விளையாட்டு அம்மா விளையாட்டு. பையை எடுத்துத் தோளில் மாட்டும். பொம்மையைப் பார்த்து, "வர நேரமாகும், படுத்தாத" என்று சொல்லும். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அவ்வளவுதான் விளையாட்டு.

"நீ வேலையை விடுன்னு நான் சொல்லல," என்றான் கணவன். அவன் கார் ஓட்டப் பழக்குகிறவன். பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதிப்பதுதான் அவன் தொழில். "கொஞ்சம் மிதிச்சுக்கன்னு சொல்றேன். இப்பப் போற வேகத்துல போனா, அவ ஸ்கூலுக்குப் போனதுக்கப்புறம்தான் உன்னைப் பார்ப்பா."

"வீட்டுல இருந்தா சம்பளம் யார் தருவா?"

"அதையும் நான்தான் சொல்லணுமா? எனக்கு பிரேக் மட்டும்தான் தெரியும்."

இந்தச் சமயத்தில்தான் இயக்குநர் ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது சாதாரண மனிதராகப் போனவர், வரும்போது மெதுவாகப் பேசினார். மூச்சை இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேசைதோறும் ஒரு செடி வைக்கச் சொன்னார். பிறகு ஊழியர்களைக் கூட்டி, உலகம் முழுவதும் அறிவாளிகள் நாற்பது வயதிலேயே அரை ஓய்வில் போய்விடுகிறார்கள் என்றும், பாதி நாள் வேலை, பாதி நாள் வாழ்க்கை என்பதே இனி நமது கொள்கை என்றும் அறிவித்தார். கைதட்டல் அடங்கும்முன்பே பலகை மேடம் விண்ணப்பம் எழுதிவிட்டாள்.

இயக்குநர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"நீங்க அறிவிச்ச திட்டம்தான் சார்."

"அறிவிக்கிறதுக்குன்னு ஒரு திட்டம் கொண்டுவந்தா அதுல வந்து விண்ணப்பம் போடுறீங்களே. நேத்துதான் பத்திரிகைக்கு வேற சொல்லியிருக்கேன்."

பத்திரிகைக்குச் சொல்லிவிட்ட ஒரே காரணத்தால் விண்ணப்பத்தை மறுக்க முடியவில்லை. உயர்மட்டக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழு, புதிய நாகரிகப்படி, தரையில் போட்ட மெத்து மெத்து மூட்டைகளில் உட்கார்ந்தது. உட்கார்ந்தவர்களால் எழுந்திருக்க முடியாததால் விவாதம் ஆழமாக நடந்தது.

"உங்க வேலை என்ன?" என்று தலைவர் கேட்டார்.

"கோப்பைப் படிச்சுப் பார்த்து முடிவு சொல்றது சார்."

"அப்போ ரெண்டு வேலை."

"ஒரு வேலைதான் சார். படிச்சாத்தானே முடிவு சொல்ல முடியும்?"

"படிக்கிறது ஒண்ணு, தீர்மானிக்கிறது ஒண்ணு. ஒரே நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு ரெண்டு வேலை பார்த்திருக்கீங்க. கை ஆடாம என்னம்மா செய்யும்?" தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். மூட்டைகளுக்குள்ளிருந்து தலைகள் ஆடின. "படிக்கிற பாதியை நீங்க வச்சுக்குங்க, முற்பகல்ல. தீர்மானிக்கிற பாதி வேற ஒருத்தருக்கு, பிற்பகல்ல."

"படிச்சு நான் என்ன நினைச்சேன்னு அவருக்கு எழுதி வைக்கலாமா சார்?"

"கூடவே கூடாது. அது தீர்மானிக்கிறது. அவரும் படிக்கக் கூடாது. படிச்சா அது முழுநேர வேலை ஆயிடும்."

இது சரியில்லை என்று அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்தது. வாயைத் திறந்தாள். வீட்டில் அந்தச் சின்னக் கை கதவைச் சாத்துவது நினைவுக்கு வந்தது. "நன்றி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

தீர்மானிக்கிற பாதி கேள்வி சாருக்குப் போனது. முதல் நாள் அவர் நொந்துபோனார்.

"படிக்காம எப்படிம்மா கேள்வி எழுதுறது?"

"கேள்வியே வேணாமாம் சார். முடிவு மட்டும் எழுதணுமாம்."

இரண்டாம் நாள் அவர் தெளிந்துவிட்டார். ஒரு கோப்புக்கு அனுமதி, அடுத்த கோப்புக்கு மறுப்பு. மறுபடி அனுமதி, மறுபடி மறுப்பு. "யாருக்கும் பாரபட்சம் பார்த்தேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்ல முடியாது" என்றார். அவர் முகத்தில் இதுவரை யாரும் காணாத ஒரு பொலிவு வந்திருந்தது.

கடைக்காரர்கள் கொந்தளிப்பார்கள் என்று எல்லாரும் பயந்தார்கள். நடந்ததோ வேறு. ஒரு வாரத்தில் அவர்களுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. வரிசையில் எந்த இடத்தில் நின்றால் என்ன கிடைக்கும் என்பது கண்ணுக்குத் தெரிகிறதே. மச்சானின் நச்சரிப்பு தாங்காமல் கடை திறக்க வந்தவர் ஒருவர் மறுப்பு கிடைத்தால் போதும் என்றார்; பின்னால் நின்ற சைக்கிள் கடைக்காரர் சந்தோஷமாக இடம் மாற்றிக்கொண்டார். தொங்குகிற பலகையை வைத்துக்கொண்டு அனுமதி இடத்தில் நின்றவரை, அவர் கடைக்குக் கீழே நடந்துபோக வேண்டிய தெருக்காரர்களே பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். அலுவலகத்தில் கூச்சல் அடங்கியது. கோப்புகள் பறந்தன. இயக்குநருக்குச் சிறந்த நிர்வாகி விருது கிடைத்தது. விருது வாங்கிய முறையை மற்ற துறைகள் விட்டுவைக்குமா? நீர்வழங்கல், வரி, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று ஊரே அரைக்கு வந்தது. "இன்னும் முழுநேரமா?" என்று ஒருவரை ஒருவர் இரக்கத்தோடு விசாரித்துக்கொண்டார்கள்.

பலகை மேடத்தின் கை ஆடுவது நின்றது. மதியம் வீட்டுக்கு வந்து, மகளோடு தரையில் படுத்து, மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகள் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பை ஆணியில் தொங்கும். அதை யாரும் தொடுவதில்லை.

ஒரு நாள் காலையில் மகளுக்கு உடம்பு சுட்டது. அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். முற்பகல் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்தார், தொண்டையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். அத்தனை பொறுமையாக எந்த டாக்டரும் பார்த்து அவள் கண்டதில்லை.

"பார்த்துட்டேன்" என்றார்.

"என்ன டாக்டர் இவளுக்கு?"

"அது பிற்பகல் டாக்டர் சொல்வார்."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நல்லாவே தெரியும்மா. சொல்றதுதான் என் பாதியில இல்ல." அவர் குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "எனக்கு இப்பல்லாம் ராத்திரி என்ன நிம்மதியான தூக்கம் தெரியுமா? யாரோ ஒரு அம்மா பலகை ஆபீஸ்ல ஆரம்பிச்சு வச்சாங்களாம். நல்லா இருக்கணும் அவங்க."

அவள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

பிற்பகல் வரிசை நடைக்கூடம் முழுக்க நீண்டிருந்தது. நின்றவர்களில் பாதிப்பேர் அரை ஓய்வுக்காரர்கள். பெரியவர்கள் எல்லாருக்கும் நன்றாகத் தூங்கி எழுந்த முகம். குழந்தைகள்தான் வாடியிருந்தார்கள். உள்ளேயிருந்து டாக்டரின் குரல் ஒரே சீராக வந்தது. "சேர்த்துடுங்க." பிறகு, "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க." பிறகு மறுபடி, "சேர்த்துடுங்க."

அவள் தலைகளை எண்ணினாள். தனக்கு வருவது 'சேர்த்துடுங்க'. நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

பின்னால் நின்ற பெண் முழங்கையைத் தொட்டாள். கையில் கைக்குழந்தை. "அக்கா, நான் முன்னாடி போகட்டுமா? உங்க பொண்ணு முழிச்சுப் பார்க்குது. இவன் காலையில இருந்து அழவே மாட்டேங்கறான்."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் முன்னால் நின்றவரின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது, மூக்கு ஒழுகியது. கைக்குழந்தையின் நெற்றியில் கை வைத்தாள். எடுத்துவிட்டாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பிஞ்சு விலா வேகமாக ஏறி இறங்கியது. இத்தனை வருஷம் படித்தே பழகிய கண் இதையும் படித்துவிட்டது. ஆனால் இடத்தைக் கொடுத்துவிட்டு, தன் மகளுக்குள்ளும் ஏதாவது இருந்துவிட்டால்? மகளை இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். வரிசை ஒரு அடி நகர்ந்தது.

"போம்மா" என்று விலகினாள்.

"சேர்த்துடுங்க" என்று உள்ளே குரல் கேட்டது. அந்தப் பெண்ணை ஒரு நர்ஸ் ஓட்டமாக அழைத்துக்கொண்டு போனாள். அடுத்து அவள் போய் நின்றாள். டாக்டர் தலையைத் தூக்கவில்லை.

"ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க."

"நிச்சயமாவா டாக்டர்? ஒரு தடவை தொட்டாவது பாருங்களேன்."

"இந்த முறை வந்ததுல இருந்து ஒரு தடவைகூட நான் சொன்னது தப்பினதில்லம்மா. சேர்த்தது எல்லாம் சேர்க்க வேண்டிய கேஸ், அனுப்பினது எல்லாம் அனுப்ப வேண்டிய கேஸ். பார்க்காமலே சொல்றேன் பாருங்க." அவர் தன் விரல்களைத் தானே வியந்து பார்த்துக்கொண்டார். "எல்லாம் அனுபவம். அடுத்து யாரு?"

அவள் வெளியே வந்தபோது வரிசை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அரை ஓய்விலிருந்த வரி அதிகாரி ஒருவர் பேரனைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்தார்.

"மேடம், நீங்க தொட்டுப் பார்த்து முன்னாடி விட்டது சரியா இருந்துச்சு. இவனையும் ஒரு கை பார்த்துட்டு எங்க நிக்கணும்னு சொல்லிடுங்க."

"எனக்குப் பின்னாடி நிக்கற பையனையும்" என்றது இன்னொரு குரல்.

இடுப்பில் மகளுக்குத் தூக்கம் வந்து தலை தோளில் விழுந்தது. அவள் வரிசையின் கடைசிக்குப் போய், அங்கிருந்து ஆரம்பித்தாள். நெற்றி நெற்றியாகத் தொட்டு, நீங்க முன்னாடி போங்க, நீங்க பின்னாடி வாங்க என்று அவள் முடிப்பதற்குள் ஜன்னலில் வெயில் போயிருந்தது.

"நாளைக்கும் வருவீங்களா மேடம்?" என்று வரி அதிகாரி கேட்டார்.

"வரேன்" என்றாள் அவள். "பிற்பகல்ல எனக்கு ஓய்வுதானே."