மருமகனுக்கு வாங்கிய சென்ட்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். என் மூக்கு எங்கள் இருவரையும்விடச் சுகம். அங்கே நீங்களும் சகோதரியும் மருமகனும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"அடுத்த மாசம் பெரிய ஹோட்டல்ல ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ, என் பையனுக்கு நல்ல சென்ட்டா ஒண்ணு பார்த்து அனுப்புங்க, உங்க மூக்கை நம்பித்தான் இருக்கோம்" என்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை மச்சான்! முப்பத்தோரு வருடம் தேயிலைக் கம்பெனியில் டீ ருசி பார்த்துத் தரம் சொன்னவன் நான். அந்த வேலையில் சென்ட் கூடாது, வாசனைச் சோப்பு கூடாது, ஷேவ் செய்தபின் தடவும் லோஷன்கூடக் கூடாது. விசேஷங்களில் மற்ற ஆண்களெல்லாம் கமகமவென்று வளைய வர, நான் மட்டும் ஓரமாகக் கைகட்டி நிற்பேன். ரிட்டயர் ஆகி நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இப்படி ஒரு பொறுப்பு! விடுவேனா?

மறுநாளே சென்ட் கடைக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு விற்பனைப் பெண், நல்ல பிள்ளை, "சார், ஒரே நேரத்துல மூணுக்கு மேல பார்க்காதீங்க, மூக்கு குழம்பிடும்" என்றாள். என் மூக்கையா! "அம்மா, ஒரு காலைப் பொழுதில முந்நூறு கோப்பை பார்த்த மூக்கும்மா இது" என்று சொல்லி இரண்டு மணிக்கட்டையும் நீட்டினேன். எலுமிச்சை என்றாள், சந்தனம் என்றாள், கடற்காற்று என்றாள். ஒன்றிலும் ஒரு மண்ணும் இல்லை, எல்லாம் வெறும் தண்ணீர்! இந்தக் காலத்தில் எதில்தான் வாசனை இருக்கிறது, காப்பித்தூளிலேயே இல்லை. மணிக்கட்டு தீர்ந்து முழங்கை, முழங்கை தீர்ந்து தோள், கடைசியில் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு முழங்காலுக்கு வந்துவிட்டோம். நடுவில், டீயை உறிஞ்சி ருசி பார்த்துத் துப்பிய பழக்கதோஷத்தில் நான் 'சர்ர்ர்' என்று காற்றை உறிஞ்சிவிட்டுத் துப்புவதற்கு இடம் தேட, அந்தப் பெண் பதறிப்போய்க் குப்பைக்கூடையை நீட்டினாள். பதினேழாவது பாட்டிலை அவள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்தாள், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "இது ரொம்ப கனம் சார். வாங்கினவங்க எல்லாரும் திருப்பிக் குடுத்துட்டாங்க." முகர்ந்தேன் மச்சான். எங்கோ தூரத்தில் யாரோ மெல்லக் கூப்பிடுகிற மாதிரி லேசாக ஒரு வாசனை! அதுதான், அதேதான் என்று துள்ளிவிட்டேன்.

ஆனாலும் பரீட்சித்துப் பார்க்காமல் அனுப்பலாமா? அங்கேயே இன்னொரு பாட்டில் எனக்கும் வாங்கி, ஒரு வாரம் நானே போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை அடித்தால் ஒன்றும் தெரியவில்லை. நாலு, எட்டு என்று ஏற்றிப் பன்னிரண்டில் நிறுத்தினேன். பலனைக் கேளுங்கள்! லிஃப்டில் ஏறினேன், எட்டாவது மாடிக்காரர்கள் மூன்றாவது மாடியிலேயே இறங்கி எனக்கு முழு லிஃப்டையும் விட்டுக்கொடுத்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மட்டுமல்ல, முன் சீட்டுக்காரரும் எழுந்து இடம் கொடுத்தார். நூலகத்தில் நான் உட்கார்ந்ததும் ஒவ்வொருவராகப் போய் ஜன்னல்களைத் திறந்து மரியாதை செய்தார்கள். கீழ்வீட்டுப் பல் டாக்டர் மட்டும், "வீட்டுல வார்னிஷ் அடிக்கறீங்களா சார்?" என்றார். மனுஷனுக்கு வயிற்றெரிச்சல், வேறென்ன!

ஆகவே மருமகன் செய்ய வேண்டியது: காதுகளுக்குப் பின்னால் இரண்டிரண்டு, கழுத்தில் நாலு, மணிக்கட்டில் ஒவ்வொன்று, டையில் இரண்டு. ஆக மொத்தம் பன்னிரண்டு, ஒன்று குறையக்கூடாது. இன்டர்வியூ அறைக்குள் போனதும் கதவை நன்றாகச் சாத்தச் சொல்லுங்கள். ஏ.சி. அறையாக இருந்தால் இன்னும் விசேஷம். வேலை கைக்கு வந்த மாதிரிதான். பாட்டிலைத் தனிப் பார்சலாகக் கட்டி, இந்தக் கடிதத்தோடு உங்கள் தங்கையிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன்.

மருமகன் நிமிர்ந்த நெஞ்சோடு உள்ளே போய் வேலையோடு வெளியே வரட்டும். எல்லோருக்கும் என் அன்பும் ஆசியும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரர்

பி.கு.: அண்ணா, இதைத் தபாலாபீசில் நின்றுகொண்டு நான் எழுதுகிறேன். பார்சலில் இருப்பது அவர் வாங்கியது இல்லை. அந்தக் கடைப் பெண்ணிடமே போய் மென்மையான ஒன்றாக மாற்றி வைத்திருக்கிறேன். உங்கள் பையன் ஒரே ஒரு தடவை அடித்துக்கொண்டால் போதும். பதில் எழுதும்போது மட்டும், பன்னிரண்டு தடவையும் அடித்துக்கொண்டு போனான் என்று எழுதுங்கள். இவருக்கு மூக்கு போய் ஒரு வருடமாகிறது. கருகிய தேயிலையை முதல் தரம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான், கைக்கடிகாரம் பரிசளித்து, ஓய்வு வயதுக்கு இரண்டு வருடம் இருக்கும்போதே வழியனுப்பினார்கள். மேனேஜர் என்னிடம் மட்டும் சொன்னார். இவருக்குத் தெரியாது, சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. இவர் மூக்குக்கு ஆகாதென்று, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் முகத்துக்குப் பவுடர் போட்டதில்லை அண்ணா. இப்போது தினமும் போட்டுக்கொண்டு இவர் பக்கத்திலேயே போய் உட்காருகிறேன். இவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். "யாரு இங்க பவுடர் போட்டது?" என்று ஒரே ஒரு நாள் இவர் கத்திவிட்டால் போதும், அந்த டப்பாவை அப்படியே தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவேன்.