வால்பாறைத் தவளை தட்டிய கதவு

நேமத்தான்பட்டி,
9.11.1994, இரவு

வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அன்புள்ள பிலவேந்திரன் சித்தப்பாவுக்கு, மகள் பெல்சி போர்வைக்குள் டார்ச் அடித்து ரகசியமாக எழுதுவது. நீங்களும் சித்தியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான், ஆனால் சுகமில்லை, காரணம் நான்.

தீபாவளி லீவில் சோலைக்காட்டில் கட்டைவிரல் நகமளவு தவளை ஒன்றைக் காட்டி, இது இந்த மலையை விட்டால் எங்கேயும் கிடையாது, தலைப்பிரட்டை ஆகாமல் முட்டையிலிருந்து நேராகத் தவளையாகவே வரும், யாரும் தொடாதீர்கள் என்றீர்களே, நான் தொட்டேன். ஜியாமெட்ரி பாக்ஸில் பாசி வைத்துக் கொண்டுவந்தேன், தயிர்சாதம் வைத்தேன், சாப்பிடவில்லை, அன்று இரவே ஓடிவிட்டது. மறுநாளிலிருந்து, செட்டியார் வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பின்கட்டில், பூட்டிக் கிடக்கும் அறைப் பக்கம் டக், டக் என்று நகத்தால் கதவைத் தட்டுகிற மாதிரிச் சத்தம். வீட்டுக் காவல்காரர் பெத்தன், "அந்த ரூம்புல செத்த பெரியவுக இப்பிடித்தான் தட்டித் தண்ணி கேப்பாக" என்று சொல்லிவிட்டுத் தன் படுக்கையைத் தெருவுக்கு மாற்றிக்கொண்டார். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், ஈரம் பட்டதும் சத்தம் இரண்டு மடங்கானது, சாமியார் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அம்மா பழியை ஜெசி மதினி மேல் போட்டுவிட்டார்கள். "இவ இந்த வீட்டுக்கு வந்த பெறகுதான இதெல்லாம்." மதினிக்கு இது ஆறாம் மாதம். அப்பா, "காலைல மொத பஸ்ஸுல புதுவயலுக்கு ஒங்க வீட்டுக்குக் கெளம்பு தாயி, சத்தம் நிக்கிற வரைக்கும் வர வேணாம்" என்றார்கள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதினி பெட்டியில் சேலைகளை அடுக்கினார்கள்.

சித்தப்பா, சற்று முன் தண்ணீர்ப் பானையைச் சுற்றிய ஈரத்துணியில் தவளையைப் பிடித்துவிட்டேன். விடிந்ததும் எல்லோருக்கும் காட்டி, அடி வாங்கி, மதினியை நிறுத்திவிடுவேன். நீங்களும் அப்பாவுக்கு ஒரு வரி எழுதுங்கள். சித்திக்கு என் அன்பு. மாதா உங்களைக் காப்பாராக, அப்படியே என்னையும்.

இப்படிக்கு,
பெல்சி, ஒன்பதாம் வகுப்பு

பி.கு.: எழுதி முடித்து, மதினியை எழுப்பித் தவளையைக் காட்டினேன். பார்த்துச் சிரித்தார்கள். "நீ வால்பாறை போனது போன வாரம். நான் வாக்கப்பட்டு வந்த அன்னையிலருந்தே எனக்குக் கேக்குது புள்ள. சொன்னா எவ நம்புவா? பஸ்ஸுக்கு இன்னும் நாலு மணி நேரந்தான். ஒந் தவளையக் காட்டிக் காரியத்தக் கெடுத்துராத" என்றார்கள். அப்போதும் டக், டக். தவளை என் உள்ளங்கையில் வாய் மூடி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அப்பாவுக்குத் தவளையைப் பற்றி எழுத வேண்டாம். மதினிக்குத் துணையாக என்னையும் புதுவயலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தந்தி அடித்தால் இன்னும் நல்லது.